புது ஊர்ல ஓட நல்ல ரூட் தேட எந்த ஆப் உதவுது? ஹீட்மேப்ல இருந்து பார்க்ரன் வரைக்கும் ஒரு ரிவ்யூ

வெளியூர் போற இடத்துல காலையில ஓடணும், ஆனா தங்கியிருக்கற எடத்து வாசல்ல இருந்து எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியாது. இந்த ஒரு பிரச்சனைக்கு நான் யூஸ் பண்ற ஆப், மேப் எல்லாத்தையும் பத்திதான் இந்த ரிவ்யூ. வேகம், டிரெய்னிங் பிளான், வாட்ச்ல என்ன சென்சார் இருக்கு, அதுக்குள்ள எல்லாம் போகல. எனக்கு வேண்டியது இவ்ளோதான்: கண்ணுக்கு அழகா இருக்கணும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சிக்னல்ல நிக்கக் கூடாது, தொலையாம திரும்பி வந்துடணும், தனியா ஓடினாலும் பயம் இருக்கக் கூடாது. இந்த நாலையும் ஒரே ஆப் பாத்துக்குமான்னா, இல்ல. ஒண்ணு காட்டறதை இன்னொண்ணு காட்டாது. ஆனா எதுல ஆரம்பிக்கணும்னு கேட்டா எனக்கு அதுல சந்தேகமே இல்ல, ஓட்டத்தையும் சைக்கிள் சவாரியையும் பதிவு பண்ற ஸ்ட்ராவா ஆப்போட ஹீட்மேப்தான்.

ஹீட்மேப்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஸ்ட்ராவால ஓடறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க பப்ளிக்கா போடற ஜிபிஎஸ் பதிவு எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி உலக மேப் மேல வரைஞ்சிருக்காங்க. நிறைய பேர் போற வழி பளிச்சுன்னு எரியும், யாரும் போகாத வழி இருட்டா இருக்கும். வெப்சைட்ல பாக்கலாம், காசு கிடையாது, தெரு அளவுக்கு ஜூம் பண்ணணும்னா மட்டும் லாகின் வேணும். போனதும் முதல் வேலையா விளையாட்டு ஃபில்டரை ஓட்டத்துக்கு மாத்திடுங்க. எல்லாம் சேந்து இருந்தா சைக்கிள்காரங்க போற ஹைவே எல்லாம் தகதகன்னு எரியும், அதைப் பாத்து நல்ல ரூட்னு நெனச்சுட்டா அவ்ளோதான். ஓட்டம் மட்டும் வெச்சதும் படமே மாறிடும், ஆத்தோரம், ஏரி சுத்து, பெரிய பார்க் இதெல்லாம் தனியா தூக்கிட்டுத் தெரியும். டோக்கியோவை எடுத்துக்கோங்க, நடுவுல இம்பீரியல் பேலஸைச் சுத்தி ஒரு வளையம் எரியும், சுமார் 5 கிலோமீட்டர், வழியில சிக்னலே இல்லாத சுத்து. நியூயார்க்ல சென்ட்ரல் பார்க் சுத்து அதே மாதிரி, கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர், 2018ல இருந்து உள்ள இருக்கற ரோடுங்கள்ல காருக்கும் தடை. ரெண்டு ஊருக்கும் போயே இருக்காத ஒருத்தருக்குக் கூட மேப்பைத் திறந்த அரை நிமிஷத்துல எங்க போகணும்னு புரிஞ்சுடும், இதுக்கு இணையா வேற எதுவும் நான் பாக்கல.

ஆனா ஒண்ணை மனசுல வெச்சுக்கணும், ஹீட்மேப் சொல்றது ஜனங்க எங்க ஓடறாங்கன்னுதான், எங்க அழகா இருக்குன்னு இல்ல. ரெண்டும் பல எடத்துல ஒண்ணா வரும், சில எடத்துல சுத்தமா வராது. ஆபீஸ் ஏரியாவைச் சுத்தி ஒரு சலிப்பான ரோடு பளபளன்னு எரியும், ஏன்னா அங்க வேலை பாக்கறவங்க மதியம் இறங்கி ஓடறது அங்கதான். ஹோட்டல்கள் நெறைய இருக்கற பகுதியும் அப்படித்தான், வந்து தங்கறவங்க எல்லாம் வாசல்ல இருந்து நேரா ஓடறாங்க, அந்தக் கோடு எரியுது, அதைப் பாத்து அடுத்து வர்றவங்களும் அங்கயே ஓடறாங்க, கோடு இன்னும் எரியுது. ரெண்டு தெரு தள்ளி இதைவிட நூறு மடங்கு நல்ல பாதை இருட்டாக் கெடக்கலாம்.

அதனால எரியறதோட வடிவத்தைப் படிக்கக் கத்துக்கணும், இதுதான் இந்த விஷயத்துல முக்கியமான பகுதின்னு நான் நெனக்கறேன். சின்னதா, தடிமனா, முட்டை வடிவத்துல ஒரு வளையம் தெரிஞ்சா அது ஏதோ ஸ்டேடியத்தோட டிராக், 400 மீட்டரைச் சுத்திச் சுத்தி வர்றவங்க போட்ட கோடு, ஊர் பாக்க வந்தவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல. நீளமா வளைஞ்சு வளைஞ்சு, குறுக்க தெரு எதுவும் வெட்டாம போற கோடுன்னா அது தண்ணி ஓரமா இருக்க நிறைய வாய்ப்பு, அதான் நமக்கு வேணும். ஒரு பச்சைப் பரப்புக்குள்ள நரம்பு மாதிரி மெல்லிசா பல கோடு பிரிஞ்சு போனா உள்ள மண் பாதை இருக்குன்னு அர்த்தம், மழை பெஞ்ச மறுநாள் யோசிச்சுப் போங்க. அப்புறம் மாரத்தான் கோடு. இதுல நெறைய பேர் ஏமாறுவாங்க. வருஷத்துல ஒரு நாள் ரோட்டை மூடி ஆயிரக்கணக்குல ஆளுங்க ஓடினா அந்த ஒரு நாளே அந்த ரோட்டை எரிய வெச்சுடும், ஃப்ளைஓவர், சுரங்கப்பாதை, பெரிய பாலம் உட்பட. மத்த நாள்ல அங்க நடக்கவே அனுமதி இருக்காது. ரொம்ப நீளமா, ஊரோட எல்லா முக்கியமான எடத்தையும் தொட்டுட்டு, ஃபுட்பாத்துல இல்லாம ரோட்டுக்கு நடுவுல ஒரு கோடு போச்சுன்னா அது ரேஸ் ரூட்டாத்தான் இருக்கும். நடுவுல திடீர்னு அறுந்து மறுபடி தொடங்கற கோட்டுக்கு வேற காரணம், அங்க மேல கூரை இருக்கும், இல்ல சுரங்கம் இருக்கும், ஜிபிஎஸ் கிடைச்சிருக்காது.

ஹீட்மேப் சொல்லாத விஷயங்களும் உண்டு. எந்தத் திசையில ஓடறாங்கன்னு தெரியாது. அந்த டோக்கியோ சுத்துல எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையிலதான் ஓடுவாங்க, அது அங்க இருக்கற வழக்கம், மேப்பை எவ்ளோ நேரம் உத்துப் பாத்தாலும் அது தெரியவே தெரியாது. மேடு தெரியாது, சென்ட்ரல் பார்க் சுத்து மேப்ல சாதுவா இருக்கும், வடக்கு முனைக்குப் போனாத்தான் ஹார்லெம் ஹில்னு ஒரு ஏத்தம் காத்துக்கிட்டு இருக்கறது தெரியும். எந்த நேரத்துல ஆள் இருப்பாங்கன்னும் தெரியாது. இதுக்கு 2024ல நைட் ஹீட்மேப்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, இருட்டு நேரத்துல போன பதிவை மட்டும் தனியாக் காட்டும். விடியறதுக்கு முன்னாடி ஓடறவங்களுக்கும், தனியாப் போற பெண்களுக்கும் இது உண்மையிலயே உதவற விஷயம், பகல்ல பளிச்சுன்னு இருக்கற பார்க் ராத்திரி மேப்ல முழு இருட்டாப் போறதைப் பாத்தா உடனே முடிவு எடுத்துடலாம். கூடவே கடைசி 7 நாள் பதிவை மட்டும் காட்டற வீக்லி ஹீட்மேப்பும் வந்துச்சு, ஒரு பாதையில வேலை நடந்து மூடியிருக்காங்களா, தண்ணி ஏறியிருக்கான்னு கண்டுபிடிக்க அது போதும். ரெண்டுக்கும் சந்தா கட்டணும்ங்கறதுதான் எனக்கு மனசு ஒப்பாதது, பாதுகாப்பு சம்பந்தப்பட்ட ராத்திரி மேப்பையாவது எல்லாருக்கும் திறந்து விட்டிருக்கலாம்.

அடுத்தது கூகுள் மேப்ஸ். இதை ரூட் போட நான் யூஸ் பண்றதே இல்ல, ஏன்னா அதோட வேலை ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குச் சீக்கிரம் கொண்டு போய் விடறது, நமக்கு வேண்டியது கிளம்பின எடத்துக்கே நல்லபடியா சுத்தி வர்றது. ஆனா சரி பாக்கறதுக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்ல. ஹீட்மேப்ல ஒரு கோட்டைப் பிடிச்சதும் கூகுள்ல சாட்டிலைட் படம் போட்டு அதே எடத்தைப் பாப்பேன், மரம் இருக்கா மொட்டையா இருக்கா, தண்ணிக்கும் பாதைக்கும் நடுவுல ஒரு நாலு லேன் ரோடு ஓடுதான்னு தெரிஞ்சுடும். ஆத்தோரம்னு பேருதான் இருக்கும், ஆனா நாம ஓடறது சுவத்துக்கு இந்தப் பக்கம், தண்ணி அந்தப் பக்கம், அப்படியும் நெறைய ஊர்ல உண்டு. அப்புறம் ஸ்ட்ரீட் வியூல இறங்கி முதல் ஒரு கிலோமீட்டரை நடந்து பாத்துடணும், ஏன்னா தங்கற எடத்துல இருந்து நல்ல பாதைக்குப் போய்ச் சேர்ற அந்தத் துண்டுதான் பல நேரத்துல மோசமா இருக்கும், ஃபுட்பாத் பாதியில நின்னுடும், கடக்க வழியே இல்லாத ஒரு ஜங்ஷன் வரும். படம் எந்த வருஷம் எடுத்ததுன்னு ஓரத்துல போட்டிருப்பாங்க, அதைப் பாக்காம எதையும் நம்பாதீங்க. ஒரு குறை, ஸ்ட்ரீட் வியூ கேமரா பெரும்பாலும் கார் மேலதான் போகும், அதனால பார்க்குக்குள்ள, கரை மேல இருக்கற நடைபாதைக்குப் பல எடத்துல படமே இருக்காது, யாராவது போட்ட போட்டோதான் கதி. கூகுள்ல பார்க் பேரைத் தட்டினா வர்ற ரிவ்யூக்களை நேரம் இருந்தா படிங்க, கேட் எப்ப திறக்கறாங்க, நாய்த் தொல்லை இருக்கா, ராத்திரி லைட் எரியுதா, இதெல்லாம் அங்க வர்றவங்க எழுதி வெச்சிருப்பாங்க. காலையில ஓடறவங்களுக்கு அந்த கேட் நேரம் ரொம்ப முக்கியம்.

கோமூட்னு ஒரு ஜெர்மன் ஆப் இருக்கு, 2010ல ஆரம்பிச்சது, இப்ப பெண்டிங் ஸ்பூன்ஸ்னு ஒரு கம்பெனி கைக்குப் போயிடுச்சு. இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா ஒரு ரூட் போட்டதும் எவ்ளோ தூரம் தார், எவ்ளோ தூரம் ஜல்லி, எவ்ளோ மண்ணுன்னு பிரிச்சுக் காட்டிடும், மேடு பள்ளம் கீழ கிராஃபா வந்துடும். ஆளுங்க ஹைலைட்னு போட்டு வெச்ச எடங்கள் போட்டோவோட இருக்கும், அதுல பாதி பேர் நின்னு ரசிச்ச எடம், அதாவது அழகை மட்டும் வெச்சுக் குறிச்ச எடம், ஹீட்மேப்ல இல்லாதது இதுதான். காடு, மலை ஓரமா இருக்கற ஊருக்கு இதைத்தான் முதல்ல திறக்கச் சொல்வேன். நெரிசலான ஊர் நடுவுல ஹைலைட் கம்மியாத்தான் கிடைக்குது, இருக்கறதும் சைக்கிள்காரங்க போட்டதா இருக்கு. புதுசா சேரும்போது ஒரு ரீஜன், அதாவது ஒரு பகுதிக்கான மேப், இலவசமாக் கிடைச்சா அதைச் சொந்த ஊருக்குச் செலவு பண்ணாம போகப் போற ஊருக்கு வெச்சுக்கோங்க.

இப்ப ஆஃப்லைன். இதுல ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மேண்ட் ரெண்டும் வேற லெவல். ரெண்டுமே ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் டேட்டாவுல ஓடறது, 2004ல ஆரம்பிச்சு உலகம் முழுக்க ஆளுங்க கையால வரைஞ்சு சேத்த மேப் அது. கூகுள்ல கோடே இல்லாத ஒத்தையடிப் பாதை, படிக்கட்டு, பார்க்கோட பின் கேட், ரெண்டு தெருவை இணைக்கற சந்து எல்லாம் இதுல இருக்கும். குடிதண்ணிக் குழாய்க்குக் கூட தனி ஐக்கான் உண்டு, கையில பாட்டில் தூக்கிட்டு ஓடப் பிடிக்காதவங்களுக்கு இது பெரிய விஷயம். ஆர்கானிக் மேப்ஸ் ரொம்ப எளிமை, விளம்பரம் கிடையாது, ஊர் மேப்பை ஒரு தடவை டவுன்லோட் பண்ணிட்டா சிம் இல்லாமலே நீங்க எங்க நிக்கறீங்கன்னு காட்டும், ஜிபிஎஸ்க்கு நெட் தேவையில்லைங்கறது இன்னும் பல பேருக்குத் தெரியல. ஓஸ்மேண்ட் கொஞ்சம் குழப்பும், மெனுவுக்குள்ள மெனு, ஆனா தோண்டினா தெரு விளக்கு இருக்கற பாதையையும், பாதை மேல என்ன போட்டிருக்காங்கங்கறதையும் மேப் மேலயே கலர்ல காட்ட வெக்கலாம். இருட்டுல ஓடறவங்க அந்த ஒரு வசதிக்காகவே பொறுமையா உக்காந்து கத்துக்கலாம். வேற எங்கயாவது வரைஞ்ச ரூட்டை ஜிபிஎக்ஸ் ஃபைலா (ரூட்டை ஒரு ஆப்ல இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போற ஃபைல்) இறக்கி ரெண்டுலயும் போட்டுக்க முடியும்.

வாட்ச்லயே ரூட் போட்டுக் குடுக்கற வசதி பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. கார்மின்ல சில மாடல்ல ரவுண்ட் டிரிப்னு இருக்கு, எவ்ளோ தூரம், எந்தப் பக்கமா கிளம்பணும்னு சொன்னா அதுவே சுத்து போட்டுக் குடுக்கும், மத்தவங்க அதிகம் போற வழியைப் பாத்துதான் போடுது. வேற சில ஆப்லயும் இதே மாதிரி தானா ரூட் போடற பட்டன் உண்டு. அவசரத்துக்கு உதவும், அதுக்கு மேல நம்ப மாட்டேன். அப்படி ஒரு ஆப் அழகான ரூட்னு சொல்லிப் போட்டுக் குடுத்தது என்னை ஒரு குடோன் வரிசைக்குப் பின்னாடி, லாரி நிக்கற சர்வீஸ் ரோட்டுல கொண்டு போய் விட்டுச்சு, தூரம் மட்டும் கரெக்டா இருந்துச்சு. கேட்ட கிலோமீட்டரை எப்படியாவது நிரப்பணும்ங்கறதுதான் அதுக்குக் கணக்கு, அதனால தேவையில்லாம ஒரு தெருவுக்குள்ள நுழைஞ்சு அப்படியே திரும்பி வர்ற மாதிரி வால் எல்லாம் ஒட்டியிருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த வாலை வெட்டிட்டு, ஹீட்மேப்போட ஒரு தடவை ஒப்பிட்டுப் பாத்துடுங்க. இன்னொண்ணு, உயரமான கட்டடங்களுக்கு நடுவுல ஓடும்போது சிக்னல் சுவத்துல மோதி எதிரொலிச்சு வர்றதால வாட்ச் உங்களை எதிர் பிளாட்ஃபாரத்துல காட்டும், அது காட்டற வேகம் கன்னாபின்னான்னு குதிக்கும், திரும்ப வேண்டிய எடத்தைத் தாண்டின பிறகு திரும்புன்னு சொல்லும். ரெண்டு ஃப்ரீக்வென்சில சிக்னல் வாங்கற புது வாட்ச்ல இது குறையுது, ஆனாலும் ஊர் நடுவுல வாட்ச் அம்புக்குறியைவிட, ரெண்டு மூணு அடையாளத்தை மனசுல வெச்சுக்கறதுதான் எனக்கு ஒத்து வருது.

எந்த ஆப் வெச்சுக்கிட்டாலும் ரூட்டைத் தேர்ந்தெடுக்கறதுல நான் கைவிடாத ஒரு வழி இருக்கு. ஊர்ல ஆறு இருந்தா முதல்ல பாலங்களைப் பாப்பேன். இந்தக் கரையில ஓடி, ஒரு பாலத்துல கடந்து, அந்தக் கரையில திரும்பி, கிளம்பின எடத்துக்குப் பக்கத்துப் பாலத்துல வந்து சேரலாம். இதோட சிறப்பு என்னன்னா ஓடும்போதே தூரத்தை மாத்திக்கலாம், உடம்பு சரியா இருந்தா இன்னும் ஒரு பாலம் தள்ளிக் கடக்கலாம், முடியலன்னா முன்னாடியே கடந்துடலாம், தண்ணி எப்பவும் ஒரே பக்கத்துல இருக்கறதால வழி தப்பவும் வழியில்ல. ஒரே ஊரோட ரெண்டு முகமும் பாத்த மாதிரி ஆச்சு. ஏரி சுத்து அப்படி இல்ல, பாதி தூரம் போயிட்டா மீதியை முடிச்சுத்தான் ஆகணும், குறுக்கு வழி கிடையாது, அதனால சுத்தளவு தெரியாம இறங்காதீங்க. கடற்கரை ரோடுன்னா போயிட்டு அதே வழியில வர்றதுதான், அங்க காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து போகும்போது எதிர்க்காத்து, வரும்போது பின்காத்துன்னு வெச்சுக்கிட்டா களைச்ச நேரத்துல அது தள்ளி விடும். தண்ணி ஓரத்துல நிழல் கம்மி, வெயில் ஊர்னா கிழக்குப் பக்கம் கட்டடமோ மரமோ இருக்கற கரையைக் காலைக்கு எடுத்துக்கலாம், சாட்டிலைட் படத்துலயே அது தெரியும்.

ஆப்பே வேணாம், கூட ஆள் இருந்தாப் போதும்னு நெனக்கறவங்களுக்குப் பார்க்ரன். 2004ல லண்டன் புஷி பார்க்ல 13 பேரோட தொடங்கினது, இன்னிக்கு 20க்கும் மேல நாட்டுல நடக்குது. வாராவாரம் சனிக்கிழமை காலையில 5 கிலோமீட்டர், இலவசம், நடத்தறது முழுக்க தன்னார்வலர்கள். ஒரு தடவை பதிஞ்சு பார்கோடு வாங்கிட்டா எந்த நாட்டுலயும் அதே பார்கோடு செல்லும். சனிக்கிழமை நீங்க இருக்கற ஊர்ல நடக்குதான்னு அவங்க வெப்சைட் மேப்ல பாத்துக்கோங்க, தொடங்கற நேரம் நாட்டுக்கு நாடு மாறும், சில சனிக்கிழமை ரத்தும் ஆகும், ரெண்டையும் அந்தந்த எடத்தோட பக்கத்துல போட்டிருப்பாங்க. நான் இதை ரொம்ப மதிக்கறேன், ஏன்னா ஓட்டம் முடிஞ்ச பிறகு அங்க நிக்கற ஊர்க்காரங்ககிட்ட நாளைக்கு எங்க ஓடலாம்னு கேட்டா அவங்க சொல்ற பாதை எந்த மேப்லயும் எரியாத பாதையா இருக்கும், எந்த மூலையில திரும்பணும், எந்த கேட் எப்பவும் பூட்டியிருக்கும்னு சேத்தே சொல்லுவாங்க.

காசு விஷயம். சும்மா வந்து போற ஊருக்காக சந்தா கட்டத் தேவையில்ல. இலவச ஹீட்மேப்பைப் பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டு, ஓஸ்மேண்ட்லயோ கோமூட்லயோ கையால புள்ளி வெச்சு ரூட் வரைஞ்சா வேலை முடிஞ்சுது, என்ன, ஒரு கால் மணி நேரம் உக்காரணும். ஸ்ட்ராவால ரூட் போடற வசதி 2020ல இருந்து சந்தாக்காரங்களுக்கு மட்டும்தான், மாசத்துல பாதி நாள் வெளியூர்ல இருக்கறவங்க, இருட்டுல ஓட வேண்டியவங்க, இவங்களுக்கு அது கொடுத்த காசுக்கு மேல உழைக்கும், மத்தவங்களுக்கு வேணாம்.

ஸ்ட்ராவால பதிவை அப்லோட் பண்றப்ப ஒரு செட்டிங் மறக்காதீங்க. 2017 நவம்பர்ல வந்த ஹீட்மேப்ல ராணுவ முகாம்கள் எல்லாம் பாலைவனத்துக்கு நடுவுல சின்னச் சின்னக் கோடா எரிஞ்சது 2018 ஜனவரில வெளிய தெரிஞ்சு உலகம் முழுக்கப் பெரிய விவகாரம் ஆச்சு, உள்ள இருந்த வீரர்கள் ஓடின பதிவுதான் அது. முகாமே மறையலன்னா நாம தங்கற அறை எப்படி மறையும்? தனியாப் பயணம் போறவங்க பிரைவசி செட்டிங்ல போய், எங்க ஓடினாலும் தொடக்கமும் முடிவும் மறையற மாதிரி வெச்சுக்கோங்க, ஊர் ஊராப் போய் அட்ரஸ் மாத்திக்கிட்டு இருக்க வேண்டாம். அதே நாள்ல போடாம ஊரை விட்டுக் கிளம்பின பிறகு போடறது இன்னும் நல்லது.

ஆண்ட்ராய்டு வெச்சிருக்கறவங்க ஸ்ட்ரீட் கம்ப்ளீட்னு ஒரு இலவச ஆப்பையும் போட்டு வெச்சுக்கோங்க. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல விட்டுப் போன தகவலை நீங்க நிக்கற எடத்துல வெச்சே கேக்கும், இந்தப் பாதைக்கு லைட் இருக்கா, மேல என்ன போட்டிருக்கு, இப்படி. ஓடி முடிச்சு மூச்சு வாங்க நடந்து வர்ற நேரத்துல நாலு கேள்விக்குப் பதில் தட்டினாப் போதும், அந்தத் தகவல்தான் நாளைக்கு இன்னொருத்தர் ஓஸ்மேண்ட்ல விளக்கு இருக்கற பாதையைத் தேடும்போது மேப் மேல கலரா வந்து நிக்கும்.